அம்மாவில் எத்தனை எழுத்து

தம்பி,

இதைக் கையால எழுதி, ரெண்டு தடவை வாசிச்சுப் பாத்துட்டு, அப்புறம்தான் போட்டோ புடிச்சு உனக்கு அனுப்புறேன். முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தவ இப்படிப் பேசுற மாதிரி எழுதியிருக்காளேன்னு நினைக்காதே. எழுத்துத் தமிழ்ல ரெண்டு தரம் ஆரம்பிச்சேன். முதல் வரி விழுந்த உடனேயே நான் டீச்சராயிட்டேன். முதுகு நேராயிருச்சு, கை தானாச் சிவப்புப் பேனாவைத் தேடுது. உன் அம்மாவா உட்காந்து எழுதணும்னா எனக்கு இப்படித்தான் முடியும். பிழை இருந்தா இருந்துட்டுப் போகுது.

போன ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணி, கல்யாணப் பத்திரிகைக்குத் தமிழ் வாசகத்தை நானே எழுதிரணும்னு சொன்னே. சரிடா, உன் பேரையும் கீர்த்தனா பேரையும் மட்டுமாவது நீ தமிழ்ல எழுதி அனுப்புன்னேன். நீ சிரிச்சே. "தமிழ்ல நான் மக்குன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா"ன்னே. நீ கட்டிக்கப் போற புள்ளையும் பக்கத்துல சிரிச்சது கேட்டுச்சு. அது மேல ஒரு குத்தமும் இல்லை, நீ சிரிச்சா அதுவும் சிரிக்கும். நான்தான் சிரிக்கலை. லைன் கட்டாயிருச்சுன்னு நினைச்சு நீ ஹலோ ஹலோன்னு கத்துனே. கட்டாகலை தம்பி. அந்த மக்குங்குற வார்த்தை எந்தக் கடையில வாங்குனதுன்னு எனக்குத் தெரியும். கல்யாணம் முடிஞ்ச பத்தாம் நாள் ரெண்டு பேரும் மெல்பர்ன் போயிருவீங்க. அந்த வார்த்தையையும் பெட்டிக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டு நீ பிளேன் ஏறக் கூடாது. அதைத் திருப்பி வாங்கிக்கிறதுக்குத்தான் எழுதுறேன். அதுக்கு முதல்ல, நாலு மாசமா உனக்குத் தெரியாம நான் பண்ணிக்கிட்டு இருக்குற ஒரு திருட்டு வேலையைச் சொல்லணும்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தப்போ எந்நேரமும் லேப்டாப்பும் கையுமா இருந்தே. அப்படி என்னடா வேலைன்னு கேட்டேன். "சொன்னா புரியாதும்மா"ன்னுட்டுத் தலையைக் கூட நிமித்தலை. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாவே வச்சேன், அதுவும் உனக்குக் கேக்கலை. நீ கொழும்புக்குப் போனப்புறம் யோசிச்சுப் பாத்தா, அந்த வாக்கியம் எனக்குப் புதுசில்லை. லுணுகலைக்கு மேல நம்ம தோட்டப் பள்ளிக்கூடத்துல, மத்தியானம் தேயிலைக் கொழுந்தைத் தராசுல நிறுத்துட்டு, இடுப்புல கட்டுன படங்குச் சாக்கோட அப்படியே வந்து வாசல்ல நிப்பாங்க அம்மாமார். என் புள்ள என்ன டீச்சர் படிக்குதுன்னு கேப்பாங்க. அதெல்லாம் சொன்னா உங்களுக்குப் புரியாதும்மான்னு நானே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன். அவங்க தலையாட்டிட்டுப் போயிருவாங்க. எனக்கு அப்படித் தலையாட்டிட்டுப் போற பழக்கம் இல்லை, அது உனக்கே தெரியும்.

நீ காம்பஸ்ல படிக்கும்போது வச்சிருந்த பழைய லேப்டாப் அலுமாரிக்குள்ள துணிக்கு அடியில கிடந்துச்சு. பேட்டரி செத்துப் போச்சு, வயரைச் சொருகி வச்சாத்தான் மூச்சு விடுது. நீ புரோகிராம்னு சொல்றதை நாங்க நிரல்னு சொல்லுவோம், அதைத் தமிழ்ல சொல்லிக் குடுக்குற வீடியோ ஒண்ணைப் போன்ல தேடிப் புடிச்சேன். பைத்தன்னு ஒரு மொழி. மலைப்பாம்பு பேரையா ஒரு மொழிக்கு வைப்பாங்கன்னு உங்கப்பா கேட்டாரு. அட்டைன்னு வைக்காம விட்டாங்களேன்னு சந்தோஷப்படுங்கன்னேன். வீடியோவுல பேசுறவன் பொடிப்பயல் மாதிரி இருக்கான், ஆனா நிறுத்தி நிதானமாச் சொல்றான். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, மார்ஜின் அடிச்சு, முதல் பக்கத்துல தேதி போட்டு, அவன் சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டேன். முதல் நாள் ஒரே ஒரு வரி. அடைப்புக்குறிக்குள்ள வணக்கம்னு எழுதி ஓட்டுனா, கீழ வணக்கம்னு வந்து நிக்குது. வீட்டுக்குப் பின்னால லீக்ஸ் பாத்திக்கு மண் அணைச்சுக்கிட்டு இருந்த மனுஷனைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். கையில மண்ணோட நின்னு பாத்துட்டு, "நீயே எழுதி நீயே வாசிச்சுக்கிறதுக்கு ஒரு மெஷினா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

ஆனா தம்பி, எனக்குள்ள ஏதோ ஒண்ணு புடிச்சுக்கிருச்சு. இது எப்படி, அது எப்படின்னு ஒரே குடைச்சல். சோறு வடிக்கும்போது கூட அதே நினைப்பு. மெஷின் என்னத்தைப் பாக்குது, என்னத்தைப் பாக்காம விடுதுன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு புள்ளி விட்டாலும் தப்புன்னு சொல்லிருது, அதுல எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை, நானும் அப்படித்தானே இருந்தேன். ஆச்சரியம் என்னன்னா, அது தப்புன்னு சொல்ற விதம். என்னைய ஒரு தடவை கூட ஏசலை. ஏழாவது வரியைப் பாருன்னு சொல்லுது. போய்ப் பாத்தா அங்க முக்காப்புள்ளி விட்டுருக்கும். போட்டுட்டுத் திரும்பி வந்தா, பழசை எல்லாம் மனசுல வச்சுக்காம ஓடுது. நூறு தடவை அதே தப்பைப் பண்ணுனாலும் நூறு தடவையும் ஏழாவது வரியைப் பாருன்னுதான் சொல்லும். நான் எந்தப் பிள்ளைக்கு இப்படி வரி நம்பர் சொல்லியிருக்கேன்னு யோசிச்சுப் பாத்தேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருந்துச்சு.

இன்னொண்ணு சொல்றேன், இது உனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா கல்யாணம் பண்ணிக்கப் போறவன் அதை என் வாயாலயும் கேட்டுக்க. சமக்குறி ஒண்ணு போட்டா, இதுதான் இதுன்னு நாம மெஷினுக்குச் சொல்றோம். அடுத்தடுத்து ரெண்டு போட்டா, இது அதுதானான்னு கேக்குறோம். எனக்கு இது மண்டையில ஏறவே பத்து நாள் ஆச்சு. கேக்க வேண்டிய இடத்துல எல்லாம் ஒத்தைக் குறியைப் போட்டுட்டு, ஏன் ஓடலைன்னு முழிச்சுக்கிட்டு உட்காந்திருப்பேன். கொப்பியில பெருசா எழுதி வச்சிருக்கேன், சொல்ல ஒண்ணு, கேக்க ரெண்டுன்னு. இதை ஒரு நாள் உங்கப்பாவுக்கு விளக்கிக்கிட்டு இருந்தேன். அவரு பாட்டுக்குத் தேத்தண்ணியைக் குடிச்சுக்கிட்டே, "பண்டாரவளைக்கு வந்ததும் ஒத்தைக் குறிதானே"ன்னாரு. பென்ஷன் வந்த கையோட தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் வீடு மாறணும்னு நான்தான் முடிவு பண்ணுனேன், சாமானைக் கட்ட ஆரம்பிச்சப்புறம்தான் அவருக்குச் சொன்னேன். தேயிலை ஃபேக்டரியில அவரோட வேலை செஞ்சவங்க எல்லாம் அங்கேயே இருக்காங்க. இங்க வந்து மூணு வருஷமா அவருக்குப் பேச ஆளில்லை. லீக்ஸோட பேசிக்கிட்டு இருக்காரு. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். நீ கேக்கலையேன்னாரு. இப்போ ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை லுணுகலை பஸ்ஸுல ஏத்தி அனுப்பி வைக்கிறேன். வரும்போது வேற ஆள் மாதிரி வர்றாரு. கீர்த்தனாகிட்ட நீ ரெண்டு குறி போட்டே பேசு.

சரி, கதைக்கு வர்றேன். வீடியோக்காரன் ஆறாவது பாடத்துல, இப்போ நீங்களே ஒரு சின்ன விளையாட்டு செய்யுங்கன்னான். மெஷின் ஒரு சொல்லை ஒளிச்சு வச்சுக்கும். எழுத்துக்கு ஒரு கோடு வீதம் போட்டுக் காட்டும். நாம ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக் கண்டுபுடிக்கணும். வகுப்புல மழை நாள்ல கரும்பலகையில நான் விளையாட வச்சதுதான் இது. விடுவேனா. லயம், கூடை, கொழுந்து, பெரட்டு, பதுளைன்னு நம்ம பக்கத்துல புழங்குற பத்து சொல்லு எழுதிக் குடுத்தேன். முதல் தடவை ஓட்டி ஒரு எழுத்தைச் சொன்ன உடனே கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள ஸ்க்ரீன் பூரா தப்பு தப்பு தப்புன்னு ஓடுது, நிக்கவே மாட்டேங்குது. பயந்து போய் வயரைப் புடுங்கிட்டேன். அதுக்குள்ள உங்கப்பா எட்டிப் பாத்துட்டு, "இது உன் குரல் மாதிரியே இருக்கே"ன்னாரு. அப்புறம் அவருதான் உட்காந்து பிழையைக் கண்டுபுடிச்சாரு, நம்பு. ஃபேக்டரியில கொழுந்தை உருட்டிச் சலிக்கும்போது, பொடி கீழ விழுந்துரும், பெரிய இலை திரும்பவும் உருட்டுக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் புதுசாச் சலிச்சுப் பாக்கணும். நீ ஒரு தடவை சலிச்சதையே வச்சுக்கிட்டுச் சுத்திக்கிட்டு இருக்கேன்னாரு. பாத்தா அதேதான். எழுத்தைக் கேக்குற வரியை நான் திரும்பத் திரும்ப ஓடுற சுத்துக்கு வெளியில வச்சுட்டேன். ஒரு தடவை தப்பாச் சொன்ன எழுத்தையே வச்சுக்கிட்டு அது திரும்பத் திரும்பத் தப்புன்னு கத்திக்கிட்டு இருந்திருக்கு. அந்த வரியைச் சுத்துக்குள்ள தள்ளி வச்சதும் அமைதியாயிருச்சு. உங்கப்பா ரெண்டு நாளைக்கு மீசையைத் தடவிக்கிட்டே திரிஞ்சாரு.

ஆனாலும் விளையாட்டு சரியா வரலை. கோடு கூடுதலா விழுது. கூடைக்கு ரெண்டு கோடு வரணும், நாலு வருது. கொழுந்துக்கு நாலு வரணும், எட்டு வருது. சரியான எழுத்தைச் சொன்னாலும் ஏத்துக்கிற மாதிரி இல்லை. மூணு நாள் மல்லுக்கட்டுனேன். வெள்ளைக்காரன் செஞ்ச மெஷினுக்குத் தமிழ் எழுத்து எண்ணத் தெரியலைன்னு முடிவே பண்ணிட்டேன். உனக்கு ஒரு நீளமான மெசேஜ் போட்டு, உங்க தொழில்ல இருக்குற குறையைப் பாருன்னு திட்டணும்னு கூட இருந்துச்சு. அதுக்கு முந்தி ஒரு சின்னச் சொல்லாப் போட்டுப் பாப்போம், எங்க கூடுதுன்னு தெரிஞ்சிரும்னு, முதலாம் வகுப்புச் சொல்லு ஒண்ணை எடுத்தேன். அம்மா. எத்தனை எழுத்துன்னு மெஷினைக் கேட்டேன்.

அஞ்சுன்னுச்சு.

மத்தியானம் மூணு மணி இருக்கும், வெளியில மழை புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு முதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. மூணெழுத்துக்கு அஞ்சுன்னு சொல்லுது பாருங்கன்னு உங்கப்பாவைக் கூப்பிட்டேன், அவரு தூங்கிட்டாரு. சரி, அந்த அஞ்சும் எதுன்னு ஒவ்வொண்ணாக் காட்டுன்னு இன்னொரு வரி எழுதுனேன். ஒண்ணு கீழ ஒண்ணா வந்து நின்னுச்சு. முதல் வரியில அ. ரெண்டாவதுல ம, புள்ளியில்லாம. மூணாவதுல வெறும் புள்ளி மட்டும், எழுத்தே இல்லாத இடத்துல பொட்டுப் பொட்டாப் போட்ட ஒரு வட்டத்துக்கு மேல தொங்கிக்கிட்டு இருக்கு. நாலாவதுல இன்னொரு ம. அஞ்சாவதுல தனியா ஒரு கால். நான் விரலை மடக்கி எண்ணுனேன். அ ஒண்ணு. ம ரெண்டு. புள்ளி மூணுன்னு வாய் விட்டுச் சொன்னேன் தம்பி. சொன்ன உடனே எண்ணுனது நானில்லைன்னு ஆயிருச்சு. அது உன் குரல். ஏழு வயசுக் குரல்.

அந்த நாள் முழுசா உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ, நீயா சொன்னதே இல்லை. நீ ரெண்டாம் வகுப்பு. என் வகுப்புலதான் இருந்தே, வேற வகுப்பு ஏது. மூணு வகுப்புக்கும் சேத்து ஒரே ஹோல், நடுவுல கரும்பலகைதான் சுவர். பள்ளிக்கூடத்துல என்னைய அம்மான்னு கூப்பிடக் கூடாது, டீச்சர்னுதான் கூப்பிடணும்னு சட்டம் போட்டிருந்தேன். மத்தப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியக் கூடாதாம். அன்னிக்குக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு ஐயா வகுப்புப் பாக்க வந்திருந்தாரு. நல்ல மனுஷன்தான், பின்னால உட்காந்து சிரிச்ச முகமாத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்குத்தான் என் மகனைக் காட்டணும்னு ஒரு நப்பாசை. வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு சட்டம் போட்டவதான், உன்னைய மட்டும் எழுப்பி விட்டேன். அம்மாங்குற சொல்லுல எத்தனை எழுத்துன்னு கேட்டேன். லேசான கேள்வி, புள்ள டக்குன்னு சொல்லிரும், ஐயா மெச்சுவாருன்னு நினைப்பு. நீ மேசைக்குக் கீழ விரலை மடக்கி எண்ணிப் பாத்துட்டு, நிமிந்து நின்னு, "அஞ்சு, டீச்சர்"ன்னே.

வகுப்பே சிரிச்சுச்சு. டீச்சர் மகன்தானே இதுன்னு அந்த ஐயா கேட்டாரு. அவரு சும்மா கேட்டாரு, எனக்குக் காதெல்லாம் சுட்டுச்சு. மூணுடா மக்குன்னேன். நீ உட்காரலை. இல்ல டீச்சர் அஞ்சுதான், பாருங்கன்னு கையை மேல தூக்கி விரலை மடக்கிக் காட்டுனே. அ ஒண்ணு, ம ரெண்டு, புள்ளின்னு சொன்னே. மூணுன்னு சொல்ல விடலை. கோடு போடுற அடிமட்டத்தை எடுத்து அந்த விரல் மேலேயே போட்டேன். எதிர்த்துப் பேசுறியான்னு கேட்டேன். நீ அழலை. மிச்ச ரெண்டு விரலும் மடங்காம அப்படியே நின்னுச்சு. எத்தனையோ பிள்ளைகளை அடிச்சிருக்கேன், அந்தக் காலத்துல எல்லாரும் அடிச்சோம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா இது பாடத்துக்காக அடிச்ச அடி இல்லை தம்பி. என் மானத்துக்காக அடிச்சது.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும், "டீச்சர், தேத்தண்ணி"ன்னு கேட்டே. பாரு கொழுப்பைன்னு நான் சிரிச்சேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் வீட்டுலயும் என்னைய டீச்சர்னுதான் கூப்பிட்டே. அதைப் பெரிய பகடியா நினைச்சு, கல்யாணம் காட்சி எங்க போனாலும் சொந்தக்காரங்ககிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கேன். அஞ்சுன்னு நீ சொன்னதையும் சேத்துத்தான் சொல்லுவேன். நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருப்பே. கொஞ்ச நாள்ல நீயும் சேந்து சிரிக்கப் பழகிட்டே. நான் தமிழ்ல மக்குன்னு நீயே முந்திக்கிட்டுச் சொல்ல ஆரம்பிச்சது அப்போதான். பதுளைக்கு மேல் வகுப்புக்குப் போனே, கணக்குல முதல் ஆளா வந்தே, தமிழ்ல மட்டும் தட்டுத் தடுமாறிப் பாஸாவே. அது உன் தலையெழுத்துன்னு நான் விட்டுட்டேன்.

அதோட நின்னேனா. காம்பஸ் போன முதல் மாசம் நீ எனக்கு ஒரு மெசேஜ் போட்டே, தமிழ் எழுத்துல. "அம்மா நான் நள்ளா இருக்கேன், இங்க மலை பெய்யுது"ன்னு. ஊரை விட்டுப் போன புள்ள முதல் முதல்ல எழுதுன ரெண்டு வரி. நான் என்ன பண்ணுனேன் தெரியுமா, உனக்குத் தெரியாமலா இருக்கும். நல்லா, மழைன்னு திருத்தித் திருப்பி அனுப்புனேன். சாப்பிட்டியான்னு கூடக் கேக்கலை. அன்னியிலிருந்து இன்னிக்கு வரைக்கும் நீ எனக்கு எழுதுறதெல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான். நானும் அதைக் கஷ்டப்பட்டுக் கூட்டி வாசிச்சு, இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்னு ஊரைக் குறை சொல்லிக்கிட்டு இருந்தேன். பிள்ளைகள் மேல குத்தமில்லை. தொறந்து வந்த கதவை நான்தான் சாத்துனேன்.

இலக்கணப்படி மூணுதான். அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன், சொன்னா நீயே நம்ப மாட்டே. ஆனா நீ எண்ணுனது பொய்யில்லை. அந்தச் சொல்லு எதெதைச் சேத்துச் செஞ்சிருக்குன்னு பாத்து எண்ணியிருக்கே. இன்னிக்கு உனக்குச் சோறு போடுற மெஷினும் அதைத்தான் எண்ணுது. ஏழு வயசுல உனக்குத் தெரிஞ்ச அந்தப் பார்வை எனக்கு அறுபது தாண்டித்தான் வந்திருக்கு. எப்படிடா அஞ்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். ரெண்டாவது குறி ஒண்ணு போட்டிருந்தா போதும். கேக்கலை. அம்மாங்குற சொல்லைப் பத்திக் கேட்டுத்தான் உன்னைய அடிச்சேன், அதுவும் என்னைய அப்படிக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லி வச்ச இடத்துல வச்சு. என்னைய மன்னிச்சிரு கண்ணு. நீ மக்கு இல்லை. அந்த வார்த்தையை நான் திருப்பி எடுத்துக்கிறேன், இனிமே விளையாட்டுக்குக் கூட நீ அதைச் சொல்லாதே.

விளையாட்டையும் சரி பண்ணிட்டேன். பதினோரு குறியும் ஒரு புள்ளியும் ஒரு பட்டியலா எழுதி, இதுல எது வந்தாலும் அதுக்கு முந்தின எழுத்தோட சேத்துக்கன்னு சொல்லிக் குடுத்தேன். இப்போ கூடைக்கு ரெண்டு கோடுதான் விழுது. உங்கப்பா பெரட்டைக் கண்டுபுடிச்சுட்டாரு, கொழுந்துல தோத்துட்டாரு, நாற்பது வருஷம் அதைத்தானே உருட்டுனாருன்னு கேட்டதுக்குக் கோவிச்சுக்கிட்டாரு. ஆனா அதைச் செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே எனக்கு வேற ஒரு குடைச்சல் புடிச்சுக்கிச்சு. கொங்குற எழுத்தை மெஷின் ரெண்டாத்தான் எண்ணுது, க ஒண்ணு, குறி ஒண்ணு. நீயா இருந்தா கொம்பு, க, கால்னு மூணு சொல்லியிருப்பே, இல்லையா. அப்போ துவுக்கு என்ன சொல்லியிருப்பே. அது ஒட்டிக்கிட்டே கிடக்கே, ஒண்ணா ரெண்டா. ழுவை எங்க வெட்டுவே. கொழுந்துக்கு மொத்தம் எத்தனைன்னு சொல்லியிருப்பே. நானும் கொப்பியில எட்டு விதமா எண்ணிப் பாத்துட்டேன், எது உன் கணக்குன்னு தெரியலை. இது எந்தப் புத்தகத்துலயும் இல்லை, வீடியோக்காரனுக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆள் நீ ஒருத்தன்தான். நெசமாவே தெரிஞ்சுக்கணும் போல இருக்கு, அதுக்காகக் கேக்குறேன்.

பத்திரிகை வாசகம் எழுதி முடிச்சுட்டேன். மாப்பிள்ளை பேரும் பொண்ணு பேரும் வர்ற இடத்தை மட்டும் வெறுமையா விட்டிருக்கேன். பதுளை அச்சகத்துல திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லியிருக்கேன். எழுதுறதும் எழுதாததும் உன் இஷ்டம். நீ எழுதலைன்னா நான் எழுதிருவேன், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டேன். நீ எழுதுனேன்னா, எப்படி எழுதுறியோ அப்படியேதான் அச்சுக்குப் போகும்.

வெள்ளிக்கிழமை நீ வரும்போது பழைய லேப்டாப் மேசை மேல வயரோட இருக்கும். அதுல உனக்காக இன்னொரு சின்ன நிரல் எழுதி வச்சிருக்கேன், மொத்தமே பத்து வரிதான். ஓட்டுனா ஒரு கேள்வி கேக்கும், அம்மாவில் எத்தனை எழுத்துன்னு. மூணுன்னு அடிச்சா சரின்னு சொல்லிட்டு முடிஞ்சிரும். அஞ்சுன்னு அடிச்சா முடியாது. நீ எப்படி எண்ணுனேன்னு கேட்டுட்டு, நீ சொல்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கும். எவ்வளவு நீளமா வேணும்னாலும் எழுது, எந்த எழுத்துல வேணும்னாலும் எழுது. திருத்துறதுக்கு அந்த நிரல்ல நான் ஒரு வரி கூட எழுதலை. நான் அடுப்படியிலதான் இருப்பேன், எட்டிப் பாக்க மாட்டேன். எழுதி முடிச்சதும் ஒரு குரல் குடு. டீச்சர்னு கூப்பிடாதே, அம்மான்னு கூப்பிடு.